ட்ரெய்லருக்குக் கம்பியில்லாக் கமரா வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, கனடாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, அத்தானோடு பங்கு போட்டு உள்ளேயே சமைத்துத் தங்கக்கூடிய 24 அடி நீளமான பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறேன், அதன் பின்புறத்தில், பின்னால் இருப்பதைத் திரையில் காட்டும் கம்பியில்லாத பாக்கப் கமரா ஒன்றைப் பூட்டிவிட்டால் ஆள் துணையில்லாமல் பின்னுக்கு எடுத்து நிறுத்த முடியுமா, எந்த வகை வாங்குவது, நானே பூட்டலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். முதலாவதற்கு முடியாது என்றும் மூன்றாவதற்கு ஆம் என்றும் உடனேயே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

தனியாகப் பின்னுக்கு எடுக்க உதவாது என்றால் பிறகு எதற்கு வாங்குவது என்று நினைப்பீர்கள். நெடுஞ்சாலைக்காக வாங்குங்கள். கனடாவில் 2018 மே மாதத்திலிருந்து தயாரிக்கப்படும் சிறிய வாகனங்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கமரா இருக்க வேண்டும் என்பது சட்டம். ட்ரெய்லரை இழுக்கும் உங்கள் பிக்கப் வாகனத்திலும் அது இருக்கும். ஆனால் ட்ரெய்லரைக் கொழுவிய கணத்திலிருந்து அந்தக் கமரா ட்ரெய்லரின் முன்சுவரைத் தவிர வேறொன்றையும் காட்டாது. ட்ரெய்லரைக் கொழுவும் ஹிட்ச் உருண்டையின் மேல் அதன் கழுத்தைச் சரியாக இறக்குவதற்கு மட்டுமே அது பயன்படும். ட்ரெய்லருக்கு அப்படியொரு சட்டம் இல்லாதபடியால் அதன் பின்புறத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரொறன்ரோவிலிருந்து சாண்ட்பாங்ஸ் கடற்கரைக்கு 401ஆம் நெடுஞ்சாலை வழியே போகும்போது, உங்கள் உட்கண்ணாடியில் இரண்டரை மணி நேரமும் அந்த வெள்ளைச் சுவர்தான் தெரியும். நீட்டிய பக்கக் கண்ணாடிகள் கட்டாயம் வேண்டும், ஆயினும் ட்ரெய்லரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறிய கார் ஒன்றை அவையும் காட்டமாட்டா. அந்த இருட்டுப் பகுதியைத் திறந்து காட்டுவதுதான் கமராவின் உண்மையான வேலை. ஒரு லொறியை முந்திய பின், அதன் இரண்டு முன்விளக்குகளும் சாலையும் திரையில் முழுதாகத் தெரிந்து, வலப்பக்கக் கண்ணாடியிலும் இடைவெளி தெரிந்த பிறகே நான் பழைய தடத்துக்குத் திரும்புவேன். கமரா பூட்டுவதற்கு முன் அந்த இடைவெளியை ஊகத்தில்தான் அளந்துகொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இனி வகைகள். கடையில் மூன்று விதமானவற்றைக் காண்பீர்கள். வைஃபை மூலம் உங்கள் கைத்தொலைபேசியில் படம் காட்டுபவை மிக மலிவு, அதே அளவுக்குத் தொல்லை. ஒவ்வொரு தடவையும் செயலியைத் திறந்து இணைக்க வேண்டும், நடுவில் அழைப்பு வந்தால் படம் மறையும். தொலைபேசி தாங்கியில் இருந்தால் பரவாயில்லை. படம் நின்றுவிட்டதே என்று அதைக் கையில் எடுத்தீர்களானால் ஒன்ராறியோவில் முதல் தடவையே 615 டொலர் தண்டமும் மூன்று நாள் உரிம இடைநிறுத்தமும் காத்திருக்கின்றன. அடுத்தவை பழைய அனலொக் வகை. நான் முதன்முதலில் வாங்கியது அதுதான். ஒரு மாலை காம்பிங் இடத்துக்குள் நுழைந்து பின்னுக்கு எடுக்கத் தொடங்கியபோது திரையில் ஒரு நாயும் மடிப்புக் கதிரை இரண்டும் தெரிந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தால் எங்கள் இடத்தில் நாயும் இல்லை, கதிரையும் இல்லை; அதே அலைவரிசையில் இயங்கிய வேறொருவருடைய கமராவின் படத்தை என் திரை பிடித்திருக்கிறது. அன்றைக்கு இறங்கிப் பார்த்தேன் என்பதால் இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் வாங்க வேண்டியது மூன்றாவது வகையான டிஜிட்டல் கமரா, அதுவும் தனக்கென்று தனித்திரையோடு வருவது. இதுவும் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குகிறது, அதாவது வைஃபை, புளூடூத் எல்லாம் நெரிபடும் அதே சந்தையில்தான். ஆனால் கமராவும் திரையும் ஒன்றோடொன்று சோடி சேர்க்கப்பட்டு, ஓர் அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே பேசுவதால் பக்கத்து ட்ரெய்லரின் நாய் உங்கள் திரைக்கு வராது. பெட்டியில் போட்டிருக்கும் தூரக் கணக்கை நம்பி ஏமாறாதீர்கள். அது வெட்டவெளியில் அளந்தது. உங்கள் ட்ரெய்லர் அலுமினியத் தகடு போர்த்தியது என்று எழுதியிருந்தீர்கள். பின்சுவரிலிருந்து புறப்படும் சமிக்ஞை குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, அந்தத் தகடு, பிறகு பிக்கப்பின் உடம்பு என்று எல்லாவற்றையும் கடந்துதான் உங்களிடம் வர வேண்டும். ஆகவே அன்ரெனாவைக் கழற்றி நீட்டுவதற்கு இணைப்புவயர் பூட்டக்கூடிய மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியவுடன் எதையும் துளைக்காமல், கமராவைப் பின்புறத்தில் நாடாவால் ஒட்டிக்கொண்டு, 12 வோல்ட் பற்றரி ஒன்றிலிருந்து மின்சாரம் கொடுத்து, வீட்டைச் சுற்றி ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். முக்கியமாகக் கூர்மையான திருப்பங்களில் படம் அறுகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பின்னுக்கு எடுக்கும்போது ட்ரெய்லரும் பிக்கப்பும் அந்தக் கோணத்தில்தான் நிற்கும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பிக்கப்பையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஏழு முனைப் பிளக்கில், நடு முனை ரிவர்ஸ் விளக்குக்கு உரியது. கமரா என்றால் ரிவர்ஸ்தானே என்று அதிலிருந்து எடுக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் நெடுஞ்சாலையில் கமரா செத்துக் கிடக்கும், நான் மேலே சொன்ன பயன் முழுவதும் போய்விடும். தவிர, பல ட்ரெய்லர்களில் அந்த முனைக்கு உள்ளே வயரே இழுக்கப்பட்டிராது. ட்ரெய்லரின் பற்றரியிலிருந்து நேரே எடுத்தால், நிறுத்தி வைத்திருக்கும் காலமெல்லாம் கமரா அதைச் சிறுகச் சிறுக உறிஞ்சும். ஆகவே பின்சுவரின் உச்சியில் இருக்கும் சிவப்பு எல்லை விளக்குகளின் வயரிலிருந்து எடுப்பதே சிறந்த வழி. ஓடும்போது எரியும் விளக்கு அது; பிக்கப்பின் விளக்கைப் போட்டால் கமராவும் விழிக்கும், அணைத்தால் உறங்கும். உங்களுடையது பழையது என்றாலும் அண்மைக்காலத்தில் தயாரான ட்ரெய்லர் என்றால், கமரா பூட்டுவதற்கென்றே ஒரு தாங்கியும் அதே விளக்கிலிருந்து இழுத்த வயரும் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டிருக்கக்கூடும். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கனடாவில் 1989 டிசம்பருக்குப் பின் தயாரான வாகனங்களுக்குப் பகலிலும் எரியும் முன்விளக்கு கட்டாயம். வெளிச்சம் எரிகிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், ஆனால் 2021 செப்டெம்பருக்கு முந்திய பல வாகனங்களில் அந்தப் பகல் விளக்கோடு பின்விளக்குகள் எரிவதில்லை. பின்விளக்கு எரியாவிட்டால் ட்ரெய்லரின் எல்லை விளக்கும் எரியாது, கமராவும் வேலை செய்யாது. கமரா பழுதாகிவிட்டது என்று கடைக்குத் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். பகலோ இரவோ, ட்ரெய்லர் இழுக்கும்போது விளக்கு ஆளியைக் கையாலே திருப்பி முழு விளக்கையும் போட்டுவிடுங்கள். கமராவுக்காக இல்லாவிட்டாலும் மற்றவர்கள் உங்களைக் காண்பதற்காக.

பூட்டும் வேலை ஒரு காலைப்பொழுதுக்கு உரியது. எல்லை விளக்கின் மூடியைக் கழற்றினால் இரண்டு வயர்கள் தெரியும், அவற்றோடு கமராவின் இரண்டு வயர்களையும் ஒரு சிறிய பியூஸ் வைத்து இணைக்க வேண்டும். புதிய துளை போடாமல், விளக்கின் பின்னால் ஏற்கெனவே இருக்கும் துளையையே பயன்படுத்தப் பாருங்கள். தாங்கியின் அடியில், நீர் புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான பியூட்டைல் நாடாவை வைத்து அழுத்தி, ஓரங்களில் ட்ரெய்லருக்கென்று விற்கும் பசையைப் பூசுங்கள். வீட்டுக் குளியலறைக்குப் பூசும் சிலிக்கனைப் பயன்படுத்தாதீர்கள்; அது ஒருமுறை படிந்த இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் பிடிக்காது. அந்த அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் மரச்சட்டம்தான் இருக்கிறது, ஓர் ஆணித்துளை வழியே ஒரு குளிர்காலம் நீர் இறங்கினால் போதும், சுவர் ஊதிவிடும். காந்தத்தால் ஒட்டும் கமராக்களையும் விற்கிறார்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதைப் பெட்டியில் பெரிதாக அச்சிடமாட்டார்கள். பற்றரியில் இயங்கும் அவ்வகைக் கமராக்களின் லிதியம் பற்றரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றவும் கூடாது.

சரி, பின்னுக்கு எடுப்பதற்கு வருவோம். கமரா உங்களுக்கு முன்னால் வைப்பது ஒரு சதுரம் மட்டுமே. டிஜிட்டல் படம் சற்றுப் பிந்தித்தான் வரும்; நடை வேகமான மணிக்கு 5 கிலோமீற்றரில் நீங்கள் பின்னுக்குப் போகும்போது படம் கால் நொடி பிந்தினால், திரையில் கம்பம் தெரியும் இடத்துக்கும் அது உண்மையில் நிற்கும் இடத்துக்கும் 35 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்துவிடும். இன்னும் பெரிய குறை, அது மேலே பார்ப்பதில்லை. அல்கோன்குவின் பூங்காவில் ஒரு முறை, திரையில் தரையெல்லாம் துப்புரவாக இருக்கிறது என்று நிம்மதியாகப் பின்னுக்கு எடுத்தேன்; பைன் மரக் கொப்பொன்று கூரைக் காற்றுத்துளையின் மூடியைக் கழற்றிக் கீழே போட்டது. கமரா அந்த மூடி தரையில் உருண்டதை மிகத் தெளிவாகக் காட்டியது. ட்ரெய்லர் திரும்பும்போது பிக்கப்பின் மூக்கு எதிர்ப்பக்கம் போய் எதில் முட்டுகிறது என்பதையும் அது காட்டாது.

ஆகவே பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும், அவரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்கவும் வேண்டும். எங்கள் முதல் பயணத்தில் என் மனைவி பின்னால் நின்று, ஊரில் பஸ் கொண்டக்ரர்கள் சொல்வதைப் போல “ரைட், ரைட்” என்றாள். வரலாம் என்பது அவளுடைய கருத்து. இருபது ஆண்டு கனடாவில் ஓட்டிப் பழகிய நான் அதை வலப்பக்கம் என்று எடுத்து ஒடித்தேன், மின்கம்பத்துக்கும் எங்களுக்கும் ஒரு சாண்தான் மிச்சம். இப்போது கைச்சைகை மட்டும்தான். அவளைக் கண்ணாடியில் காணாவிட்டால் பிறேக்கை அழுத்திவிடுவேன். உங்கள் ஊர் கிளிநொச்சிப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். உழவு இயந்திரத்தோடு பெட்டியைப் பின்னுக்கு எடுத்து நெல் மூட்டை இறக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை செய்துமிருப்பீர்கள். அதே வித்தைதான் இதுவும். ஸ்ரியறிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து, மேலேயும் பார்த்துவிட்டு ஏறுங்கள். பின்னால் காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சின்ன விஷயம்: ஒன்ராறியோவின் சாதாரண கார் உரிமமான ஜி உரிமத்தோடு நீங்கள் இழுக்கக்கூடிய ட்ரெய்லரின் உச்ச எடை 4,600 கிலோ. 24 அடி ட்ரெய்லர் அதற்குள் அடங்கும், ஆனால் உங்கள் பிக்கப்பின் இழுவைத் திறன் அதைவிடக் குறைவாக இருக்கலாம். கதவு ஓரத்திலுள்ள ஒட்டியையும் கையேட்டையும் பாருங்கள்.

கமரா வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக, ஞாயிறு காலை வெறிச்சோடிக் கிடக்கும் ஏதாவதொரு வாகனத் தரிப்பிடத்துக்கு ட்ரெய்லரைக் கொண்டுபோய், மரத் துண்டுகளோ பழைய வாளிகளோ நாலைந்தை வைத்துப் பழகுங்கள். ட்ரெய்லரின் பின்சுவரிலிருந்து சரியாக ஒரு மீற்றர், இரண்டு மீற்றர் தள்ளி வாளிகளை வைத்து, அவை திரையில் எந்த உயரத்தில் தெரிகின்றன என்று பார்த்து, அங்கே மெல்லிய நாடாவை ஒட்டிவிடுங்கள். கமராவோடு வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் அது எந்த உயரத்தில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதை அறியா. என் திரையில் அந்த நாடாத் துண்டுகள் இரண்டும் இன்னும் இருக்கின்றன. பியூட்டைல் நாடாவில் அரைச் சுருள் என்னிடம் மிச்சம் கிடக்கிறது. ஸ்காபரோப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.