நெய்தான் (சீனத் தாவோயிய உள்-ரசவாதத் தியானம்) பயிற்சி: வாசகர் கேள்விகள்

கே: கீழ் தந்தியன் (உயிராற்றல் சேரும் மையம்) சரியாக எங்கே இருக்கிறது?

தொப்புளுக்குக் கீழே மூன்று, நான்கு விரற்கடை. தோலில் அல்ல, வயிற்றுக்குள். நூலுக்கு நூல் அளவு மாறும். புள்ளியைத் தேடி அலையாமல் எலுமிச்சம்பழம் அளவு இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: குண்டலினியும் நெய்தானும் ஒன்றுதானே?

இல்லை. அங்கே ஏற்றம். இங்கே முதுகில் து நாடி வழியே ஏறிய ச்சி எனும் உயிராற்றல், முன்புறம் ரென் நாடி வழியே இறங்கித் தந்தியனுக்கே திரும்ப வேண்டும். இறங்காத சுற்று சுற்றே அல்ல.

கே: காணொளி பார்த்து 10 நாளாகச் சிறு விண்சுற்று (ச்சியை முதுகில் ஏற்றி முன்புறம் இறக்கும் பயிற்சி) செய்கிறேன். நெற்றி இறுக்கம், காதில் இரைச்சல், தூக்கமில்லை. வாயில்கள் திறந்துவிட்டனவா?

திறக்கவில்லை, நீங்கள் முட்டித் தள்ளுகிறீர்கள். வால் எலும்பு, நடுமுதுகு, பிடரி என்ற மூன்று வாயில்கள் வழியேயும் முதல் நாளே ச்சியைக் கற்பனையால் இழுக்கச் சொல்லித்தரும் காணொளிகளை என்னவென்பது! உலை கொதிக்காமல் ஆவி எங்கிருந்து வரும்? சுற்றுக்கு முன் 'நூறு நாள் அடித்தளம்' உண்டு. பலருக்கு அது நூறிலும் முடியாது. தினம் 20, 30 நிமிடம் கவனம் தந்தியனில் லேசாக நிற்க வேண்டும். மறக்கவும் கூடாது, முடுக்கவும் கூடாது. அங்கே நிறைந்தால் ச்சி தானே நகரும். வலிந்து இழுத்தால் தாடையும் பிடரியும் இறுகும், மூச்சு மார்புக்கு ஏறும், தீ தலையிலேயே தங்கும்.

இன்றே சுற்றை நிறுத்துங்கள். இரண்டு வாரம் புருவமத்தி பக்கமே போகாதீர்கள். முழங்காலைத் தளர்த்தி நின்று, உள்ளங்காலின் யோங்சுவான் புள்ளியில் கவனம் வையுங்கள்; நடங்கள்; இரவில் வெந்நீரில் கால் நனையுங்கள். இரைச்சல் குறையாவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.

கே: நாக்கு எங்கே இருக்க வேண்டும்?

மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில், தொட்டும் தொடாமலும். இரு நாடிகளையும் இணைக்கும் பாலம் அது. ஊறும் எச்சிலை மூன்று மிடறாக விழுங்கி, கவனத்தைக் கூடவே தந்தியனுக்கு இறக்குங்கள்.

கே: ரத்த அழுத்தம் உண்டு. தலைகீழ் மூச்சு (உள்ளிழுக்கையில் வயிற்றை உள்ளடக்கும் மூச்சு) செய்யலாமா?

அளவையும் எழுதவில்லை, மருந்தையும் எழுதவில்லை. பிறகு எப்படிச் சொல்வது? பொதுவாக, வேண்டாம். மூச்சைப் பிடிப்பதும் வேண்டாம். இயல்பான வயிற்று மூச்சு போதும். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கே: நெய்தான் நூல்களில் ஈயம், பாதரசம் என்கிறார்களே, உண்ண வேண்டுமா?

கூடவே கூடாது! சீனாவின் தாங் வம்சப் பேரரசர்கள் சிலரே அத்தகைய சாகாமருந்துகளால் மாண்டார்கள். 1075 வாக்கில் சாங் போதுவான் எழுதிய நெய்தான் நூலான 'வூசென் பியென்' அப்பெயர்களால் சுட்டுவது உடலுக்குள் இருப்பவற்றை.

கே: எந்தத் திசை பார்த்து உட்கார?

முதுகில் காற்றுப் படாத திசை. எழும் முன் உள்ளங்கையால் தொப்புளைச் சுற்றி 36 முறை, எதிர்ப்பக்கம் 36 முறை தேய்த்து, ச்சியைத் தந்தியனில் சேர்த்துவிட்டே எழுங்கள்.