அம்மாவின் கைக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை, பி.பி., ஆக்சிஜன் எல்லாவற்றையும் காட்டும் என்று 2,500 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் விளம்பரம் பார்த்தேன். வாங்கித் தரலாமா? அன்றாட வாழ்க்கையில் அது உண்மையிலேயே பயன்படுமா?

பதில்: அந்த வாட்ச்சை வாங்க வேண்டாம். விலை மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. சர்க்கரையைக் காட்டும் என்று சொல்கிறார்களே, அதற்காகச் சொல்கிறேன். ஊசி குத்தாமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தந்ததில்லை என்று, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. உண்மையில் 110 இருக்கும்போது திரையில் 240 என்று பார்த்து அம்மா ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? சர்க்கரை தாழ்ந்து, ஆள் இல்லாத வீட்டில் மயங்கி விழக்கூடும். சர்க்கரை அளக்க மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு வகை. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் இருந்து அளக்கிறது. வாட்ச் அந்த எண்ணை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இரத்த அழுத்தமும் ஏறக்குறைய இதே கதைதான். சாம்சங் வாட்ச்சில் இந்த வசதி இருக்கும் இடங்களில்கூட, 28 நாட்களுக்கு ஒருமுறை கையில் பட்டை சுற்றும் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்தாக வேண்டும். அந்தக் கருவி எப்படியும் வீட்டில் இருக்க வேண்டும் என்றால், அதிலேயே பார்த்துவிடலாமே! ஆகவே முதல் செலவு ஒரு நல்ல பி.பி. கருவிக்கும் குளூக்கோமீட்டருக்கும் இருக்கட்டும்.

அப்படியானால் ஸ்மார்ட்வாட்ச்சே வீணா? இல்லை. தனியாக இருக்கும் ஒருவருக்கு இரண்டு விஷயங்களில் அது பெருந்துணை.

ஒன்று, கீழே விழுந்தால் தகவல் சொல்வது. ஆப்பிள் 2018-இல் சீரிஸ் 4 வாட்ச்சில் இதைக் கொண்டுவந்தது. இப்போது சாம்சங், கூகுள் வாட்ச்சுகள் சிலவற்றிலும் இருக்கிறது. பலமாக விழுந்ததை உணர்ந்ததும் வாட்ச் ஒலி எழுப்பிக் கேட்கும். பதில் இல்லாமல், அசைவும் இல்லாவிட்டால் அதுவே உதவிக்கு அழைத்து, நீங்கள் பதிந்து வைத்தவர்களுக்குச் செய்தி அனுப்பும். சுவரைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்தால் அது கவனிக்காமல் போகலாம். கைபேசி அருகில் இருக்க வேண்டும், அல்லது வாட்ச்சுக்கே தனி மொபைல் இணைப்பு வேண்டும். உங்கள் எண்ணோடு, ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டார் ஒருவரின் எண்ணையும் மறக்காமல் சேருங்கள். நீங்கள் பெங்களூரிலிருந்து வந்து சேர ஓர் இரவு ஆகும்.

இரண்டாவது, இதயத் துடிப்பு. வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை ஒளியை இரத்தம் உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த அளவு கூடிக் குறைவதை சென்சார் எண்ணுகிறது. துடிப்பு தாறுமாறாகிப் பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறை இப்படிச் சந்தேகிக்க முடியும். 2019-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 4,19,000-க்கும் மேற்பட்டோர் ஆப்பிள் வாட்ச்சுடன் பங்கேற்றார்கள். எச்சரிக்கை பெற்றவர்கள் 2,161 பேர். அவர்களில் பின்னர் இதயத் துடிப்பைப் பதியும் ஈசிஜி பட்டையை உடலில் ஒட்டிப் பரிசோதித்துத் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு இக்கோளாறு உறுதியானது. இக்கோளாறு வந்து வந்து போகும் என்பதால், மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வாட்ச் எச்சரித்தால் பதறாமல் மருத்துவரிடம் போய் ஈசிஜி எடுங்கள். ஆனால் மாரடைப்பை எந்த வாட்ச்சும் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் திரையைப் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியைத் தடுக்கும். மறு கையில் கட்டச் சொல்லுங்கள். வளையல்களைத் தாண்டி முழங்கைப் பக்கமாக, மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, ஒட்டினாற்போல் கட்ட வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியிருந்தால், காந்தமுள்ள சார்ஜரை நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைப்பது அவசியம்.

தூக்கத்தின் தரம், மன அழுத்த மதிப்பெண் போன்றவற்றுக்காகக் காசு கொடுக்காதீர்கள். தினமும் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்ற இலக்கும் 1965-இல் ஜப்பானில் விற்ற, காலடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து வந்தது. நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாக நடந்தாரா என்று பார்த்தால் போதும்.

நான் கண்டவரை, வாங்கிய வாட்ச் அலமாரிக்குள் போவதற்கு முதல் காரணம் சார்ஜ்தான். விழுவதைக் கண்டறியும் மாதிரிகளில் பலவற்றுக்குத் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும். மாலையில் அம்மா தொலைக்காட்சி முன் அமரும் நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். இரவில் கழற்றிவைத்தால், இருட்டில் கழிவறைக்கு எழும் நேரத்தில் கை வெறுமையாக இருக்கும். கடைக்குப் போகுமுன் அம்மாவின் கைபேசி எதுவென்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியோடு ஆப்பிள் வாட்ச் இணையாது.