எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) பயிற்சி எடுக்கிறேன், இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு முட்டுகிறது. ஜிம்மில் என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர் தந்திருக்கும் விவரம்: ஊர் மதுரை, வயது 22, எடை 66 கிலோ. வாரத்தில் நான்கு நாள் எம்.எம்.ஏ. வகுப்பு, ஐந்து நாள் ஜிம். 61.2 கிலோ பிரிவில் அமெச்சூர் போட்டிக்குப் போக ஆசை. தாத்தா சொல்லும் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை போதுமா, யூடியூபில் காட்டும் சர்க்யூட் (பல பயிற்சிகளை ஓய்வில்லாமல் அடுத்தடுத்துச் செய்வது) செய்ய வேண்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, அந்த ஐந்து நாள் ஜிம்மை முதலில் இரண்டு நாளாகக் குறையுங்கள். மூச்சு முட்டுவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் இங்கே ஒரு ஜிம்மில் பயிற்சி சொல்லிக்கொடுப்பவன். கபடி, குத்துச்சண்டைப் பையன்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள், இப்போது எம்.எம்.ஏ. பையன்களும் வருகிறார்கள். வரும்போதே நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள், தோளுக்கு ஒரு நாள் என்று பாடிபில்டிங் அட்டவணையோடு வருவார்கள். அதன் மேல் வகுப்பு. அதற்கும் மேல் ஞாயிற்றுக்கிழமை வாந்தி வரும்வரை ஒரு சர்க்யூட். வாந்தி வந்தால் நல்ல பயிற்சி என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

ஒரு ரவுண்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தொழில்முறைப் போட்டியில் 5 நிமிட ரவுண்டு மூன்று, பட்டப் போட்டி என்றால் ஐந்து, இடையில் 1 நிமிடம் ஓய்வு. அமெச்சூரில் பெரும்பாலும் 3 நிமிட ரவுண்டு. அந்த நேரம் முழுக்க யாரும் முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருப்பதில்லை. ஐந்தாறு விநாடி பாய்ச்சல், எதிராளியைத் தரையில் சாய்க்க ஒரு டேக்டவுன் முயற்சி, பிறகு கூண்டோரம் கட்டிப்பிடித்து நிற்பது, விலகுவது, மறுபடி பாய்ச்சல். பாயும்போது தசைக்குள் சேமிப்பாக இருக்கும் எரிபொருள் பத்து விநாடிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதைத் திரும்ப நிரப்பும் வேலை ஆக்சிஜனுடையது. ஆகவே உங்களுக்குக் குறைவது வேகமோ வெறியோ இல்லை. இரண்டு பாய்ச்சலுக்கு நடுவே உடம்பு தேறும் வேகம்தான் குறைவு. அதை வளர்க்கும் பயிற்சி கேட்கவே சப்பென்று இருக்கும்: நிதானமான நீண்ட ஓட்டம்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம். உங்கள் வயதுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130–150க்குள் இருந்தால் போதும். கைக்கடிகாரம் இல்லையென்றால் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், கணக்குப் பார்க்க வசதி. ஆனால் இளசுகளுக்கு அங்கே ஒரு சிக்கல் உண்டு. நடைப்பயிற்சிக்கு வந்த மாமா யாராவது விறுவிறுவென்று தாண்டிப் போனால் ரோஷம் வந்து விரட்டிவிடுவார்கள், அன்றைய பயிற்சி கெட்டது. தாண்டட்டும், விடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஆறு மணிக்குள் ஓடி முடித்துவிடுங்கள். முழங்கால் முணுமுணுத்தால் ஒரு நாளைச் சைக்கிளுக்கு மாற்றிக்கொள்ளலாம், இதயத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பலன் ஒரு வாரத்தில் தெரியாது, ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் சலித்துப்போய் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடுத்த ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், எதிராளி உங்களைக் கட்டிப்பிடிக்கும்போது மூச்சு விடுகிறீர்களா என்று வெளியே நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புதியவர்கள் பலர் பிடிக்குள் போனதும் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, கை முஷ்டியை இறுக்கியபடியே இருப்பார்கள். அதற்கு ஜிம்மில் மருந்து கிடையாது. உங்கள் கோச்தான் பார்க்க வேண்டும்.

இனி வலிமை. வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். உடம்பு சூடானதும் முதலில் வேகமான வேலை: நின்ற இடத்திலிருந்து நீளத் தாண்டல், மெடிசின் பால் என்ற கனமான பந்தைச் சுவரில் இடுப்பு திருப்பி எறிவது. ஒவ்வொன்றும் நாலைந்து முறைதான், நடுவில் நன்றாக ஓய்வெடுத்து. பிறகு கனமான வேலை: ஒரு நாள் டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பாரத்தை இடுப்புவரை தூக்கி நிமிர்வது), இன்னொரு நாள் ஸ்குவாட் (தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுவது), அதோடு புல்-அப், ரோயிங், தலைக்கு மேல் தூக்குவது. செட்டுக்கு மூன்று முதல் ஐந்து முறை, மூன்று நான்கு செட். இன்னும் ஒன்றிரண்டு முறை தூக்கலாம் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். பக்கத்தில் நிற்பவர் 'இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு' என்று கத்தினாலும் சரி. அடுத்த வகுப்பில் மல்லுக்கட்டப் போகிற கால் அது. உங்கள் எடைக்கு 115–130 கிலோ டெட்லிஃப்ட் ஒழுங்கான வடிவத்தில் வந்துவிட்டால் அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை. கழுத்தை மட்டும் மறக்காதீர்கள். நெற்றியில் துண்டையோ கையையோ வைத்து நான்கு பக்கமும் மெதுவாக அழுத்தித் தாங்குவதில் தொடங்கலாம். தலையை ஆட்டிவிடும் அடிகளையும், கழுத்தை மடக்கும் பிடிகளையும் அந்தத் தசைதான் தாங்க வேண்டும்.

தாத்தா சொன்னதற்கு வருகிறேன். கர்லாக்கட்டை அருமையான பொருள். தோள்மூட்டு தளரும், பிடி இறுகும். வலிமைப் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் சுற்றுங்கள். தண்டாலும் பஸ்கியும் நூறு, இருநூறு என்று போகும்போது தாங்குதிறனைத் தரும், ஆனால் தூக்கும் பாரம் உங்கள் உடம்போடு நின்றுவிடுகிறது. உங்களைவிடக் கனமான ஒருவனை மேலிருந்து தள்ளிவிட்டு எழ அது போதாது.

ஆனால் தாத்தாக்கள் இன்னொன்றும் வைத்திருந்தார்கள், அதை யாரும் கேட்பதில்லை: இளவட்டக்கல். நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் சாவடி ஓரத்தில் உருண்டையாகக் கிடக்கும். கல்யாணத்துக்குத் தகுதி பார்க்கும் கல் என்று கதை சொல்வார்கள். முழங்காலுக்கு, நெஞ்சுக்கு, தோளுக்கு ஏற்றி, பின்பக்கம் போட வேண்டும். பிடிக்கக் கைப்பிடி கிடையாது, வழுக்கும், உடம்போடு அணைத்துத்தான் எழ வேண்டும். தரையில் கிடக்கும் எதிராளியைத் தூக்குவதற்கு இதைவிடப் பக்கத்தில் வருகிற பயிற்சி எந்த மெஷினிலும் இல்லை. அந்தக் கல்லோடு நேராக மோதாதீர்கள், விரல் நசுங்கும், முதுகு பிடிக்கும். அரிசிச் சாக்கு இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, 30 கிலோ எம்-சாண்ட் நிரப்பி, இடம் மிச்சம் விட்டு வாயைக் கட்டுங்கள். உள்ளே மணல் நகர வேண்டும், அதுதான் விஷயம். கட்டிப்பிடித்து 30 அடி நடப்பது, தோளுக்கு ஏற்றி இறக்குவது, இரு பக்கமும் மாற்றி. மெல்ல மெல்ல 45 கிலோ வரை கூட்டலாம். வாரத்தில் ஒரு நாள், வலிமைப் பயிற்சியின் கடைசியில் செய்தால் போதும்.

சர்க்யூட்டும் ஸ்பிரிண்டும் தப்பில்லை, காலம்தான் முக்கியம். போட்டிக்குக் கடைசி ஆறு வாரத்தில், வாரம் ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு. ரவுண்டு நீளத்துக்கே கடிகாரம் வைத்து பேடு அடி, ஸ்ப்ரால் (காலைப் பிடிக்க வருபவனைத் தடுக்கக் கால்களைப் பின்னால் எறிந்து விழுவது), மணல்மூட்டை என்று மாற்றி மாற்றி, நடுவில் 1 நிமிடம் உட்காருங்கள். வருடம் முழுக்க இதைச் செய்ய வேண்டாம், கடுமையான ஸ்பாரிங்கே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கையில் டம்பெல் பிடித்து ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது) செய்யும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டம்பெல் கையைக் கீழே இழுக்கிறது, குத்து போவது முன்னால். மூச்சைத் தடுக்கும் முகமூடி மாட்டி ஓடுவதும் அதேபோல் பலனில்லாத வேலைதான்.

நாட்களை அடுக்கும்போது கடினத்தைக் கடினத்தோடு சேர்த்து வையுங்கள். காலையில் ஸ்பாரிங் என்றால் அன்று மாலையே டெட்லிஃப்ட், மறுநாள் நிதான ஓட்டம் மட்டும். இல்லாவிட்டால் தினமும் அரைகுறைச் சோர்விலேயே இருப்பீர்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

எடை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 66லிருந்து 61.2க்கு வாரம் அரை கிலோ வீதம் சாப்பாட்டில் குறைத்துப் பத்து வாரத்தில் வரலாம். கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்தி, ரெயின்கோட் போட்டு நம்ம ஊர் வெயிலில் ஓடி இறக்குவது வேண்டவே வேண்டாம். 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயதுச் சீன வீரர் மணிலாவில் போட்டிக்காக எடை குறைக்கும்போது இறந்துபோனார். அதன் பிறகுதான் அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு நீர்ச்சத்துப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. முதல் அமெச்சூர் போட்டியை 65.8 கிலோ பிரிவிலேயே ஆடிப் பாருங்களேன், இழுத்துப் பிடிக்க வேண்டிய எடையே இருக்காது.

சாப்பாட்டுக்குப் பெரிய ரகசியம் இல்லை. நாளுக்கு 105 முதல் 140 கிராம் வரை புரதம்: முட்டை, மீன், நாட்டுக்கோழி, சுண்டல், தயிர். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் ரெண்டு முட்டையோடு நிறுத்தினால் கணக்கு எட்டாது. ஓட்டம் முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். ராத்திரி வகுப்பு முடிந்து எல்லோரும் பரோட்டாக் கடைக்குப் போகும்போது நீங்களும் போகலாம், சால்னாவில் மூழ்காமல் ஆம்லேட்டோ சுக்காவோ சொல்லுங்கள். கிரியேட்டின் என்ற துணைச்சத்துப் பொடி நாளுக்கு 3–5 கிராம் எடுக்கலாம். அதனால் உடம்பில் ஒரு கிலோ வரை தண்ணீர் ஏறக்கூடும், எடைக்கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்த நாள் ஸ்பாரிங், வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று கீழே எழுதினால் வார அட்டவணை ஒன்று போட்டுத் தருகிறேன்.