யூத மதத்தில் உருவங்களுக்குத் தடை உண்டே, பழைய வெள்ளி நகைகளில் சிங்கமும் மீனும் எப்படி வந்தன?

தடை முக்கியமாக உருவத்தை வணங்குவதற்குத்தான்; அலங்காரத்துக்கு விலங்குகளைச் செதுக்கும் வழக்கம் இருந்தது. பைபிளின் ஆதியாகமம் 49ஆம் அதிகாரம் யாக்கோபின் மகன் யூதாவைச் சிங்கக்குட்டி என்கிறது. அதனால் சிங்கம் யூதா கோத்திரத்தின் அடையாளமானது. மீனுக்கான காரணம் இன்னும் அழகு: நீர் மூடியிருப்பதால் மீன்மேல் கண்திருஷ்டி படாது என்கிறது யூத மரபின் சட்ட, விளக்க நூலான தல்மூத். தாயத்துகளில் மீன் வருவது இதனால்தான்.

ஆனால் நமக்குத் தெரிந்த மிகப் பழைய யூத வெள்ளித் தாயத்துகளில் பேசுவது எழுத்துதான். 1979இல் எருசலேமின் கேட்டெஃப் ஹின்னோம் கல்லறைக் குகையில் தொல்லியலாளர் கபிரியேல் பார்க்காயின் குழு இரண்டு குட்டி வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தது. காலம் சுமார் கி.மு. 600. நம் ஊர்த் தாயத்துக்குள் இருக்கும் தகடு மாதிரியே சுருட்டியிருந்தார்கள். பெரியதை விரித்தால் 10 செ.மீ.கூட வராது; உடையாமல் விரிக்கவே சில ஆண்டுகள் ஆயின. உள்ளே எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தின் ஆசி: கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காக்கட்டும். சாக்கடல் அருகே கிடைத்த பழைய பைபிள் கையெழுத்துப் பிரதிகளான சாக்கடல் சுருள்களைவிட நூற்றாண்டுகள் மூத்த வரி அது. யாரோ ஒருவர் அதைக் கழுத்தில் அணிந்திருப்பார் என்று நினைக்கும்போதே சிலிர்க்கிறது.

அப்புறம், ‘பண்டைய யூத நகை’ என்று விற்பதில் ஆறுமுனை நட்சத்திரம் இருந்தால் கவனம். அது யூதர்களின் பொது அடையாளமானது மிகப் பிற்காலத்தில். பண்டைக்கால அடையாளம் மெனோரா என்னும் ஏழுகிளை விளக்கு.