எல்.ஓ. வராமல் துணியை வெட்டாதீர்கள்

வாசகர் கேள்வி: பட்டர்வொர்த்தில் விளையாட்டு உடை அச்சிடும் சிறு தொழில் நடத்துகிறேன். சுற்றுப்பயணிகளை இழுக்கப் பினாங்கில் நடக்கவிருக்கும் ஓர் ஓட்டப்போட்டிக்கு 3,000 டி-சட்டை கேட்கிறார்கள். மொத்தம் 57,000 ரிங்கிட். “தேதி நெருங்கிவிட்டது, அடிக்கத் தொடங்குங்கள், எல்.ஓ. (அரசாங்கக் கொள்முதல் ஆணை) அப்புறம் வரும்” என்று ஓர் அரசாங்க அதிகாரி வாட்ஸ்அப்பில் சொல்கிறார். பில்லை இரண்டாக்கிப் பாதியை என் மனைவியின் கம்பெனி பெயரில் போடவும் சொல்கிறார். செய்யலாமா? பெரிய கார் பந்தயத்துக்கெல்லாம் டெண்டரே இல்லாமல் கோடிகளைக் கொடுத்தார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை விதி?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள்.

முதலில் எல்.ஓ. விஷயம். வாட்ஸ்அப் செய்தியை ஆர்டராக எடுத்துக்கொள்ள முடியாது. 1949ஆம் ஆண்டின் அரசாங்க ஒப்பந்தச் சட்டப்படி, அரசாங்கத்தின் பெயரில் கையெழுத்திட எழுத்து மூலம் அதிகாரம் பெற்றவர் வேண்டும். உங்களிடம் பேசுபவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் அவர் பார்ப்பது நிகழ்ச்சி வேலை. பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் வேறு மேசையில் இருப்பார். எல்.ஓ. இல்லாமல் சரக்கைக் கொடுத்துவிட்டால், அதிகாரிகள் ‘ஏ.பி. 59’ என்று சொல்லும் கருவூல உத்தரவுக்குள் உங்கள் பில் போய் விழும். முறை தவறி வாங்கியதற்கு ஏன் பணம் தர வேண்டும் என்று விளக்கம், விசாரணை, மேலிட அனுமதி என்று அது இழுக்கும். பணம் வராது என்று சொல்லவில்லை. எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள், துணிக்கடைக்காரர் அதுவரை காத்திருக்கவும் மாட்டார். எல்.ஓ. கையில் இருந்து, டி.ஓ.வில் (சரக்கு ஒப்படைப்புச் சீட்டில்) கையெழுத்தும் வாங்கி, இன்வாய்ஸைச் சரியாகக் கொடுத்திருந்தால் நிலைமையே வேறு: பில்லை 14 நாளுக்குள் கட்ட வேண்டும் என்கிறது ஏ.பி. 103.

பில்லைப் பிரிக்கச் சொல்வதன் காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பொருள், சேவைகளை 50,000 ரிங்கிட் வரை நேரடியாக வாங்கலாம் என்பது பல காலமாக இருந்துவரும் எல்லை. உங்கள் தொகை அதைத் தாண்டுகிறது. ஆனால் அந்த எல்லை கடைக்கு ஒன்று என்று வைத்ததல்ல. ஒரே வகைப் பொருளுக்கு ஓர் ஆண்டில் ஆகும் மொத்தச் செலவுக்கு வைத்தது. கம்பெனி இரண்டானாலும் டி-சட்டை ஒன்றுதான். உங்கள் மனைவியின் விலைப்பட்டியலைப் போட்டி விலையாகக் காட்டிவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. விலை போடுகிறவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளும் ஏலக் கூட்டுச்சதியை 2010ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. பொய் விவரம் உள்ள தாளைக் கொடுத்து ஏமாற்றுவது 2009ஆம் ஆண்டின் எஸ்.பி.ஆர்.எம். (ஊழல் தடுப்பு ஆணையம்) சட்டத்தின் 18ஆவது பிரிவில் வருகிறது. அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார், உங்கள் இன்வாய்ஸ் கோப்பிலேயே இருக்கும். (நன்றிக்காகத் தீபாவளி ஹாம்பர் அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அது லஞ்சமாக எடுக்கப்பட்டால், அதே சட்டத்தின் 17ஏ பிரிவின்கீழ் 2020 ஜூன் முதல் கம்பெனியே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும்.)

‘தேதி நெருங்கிவிட்டது’ என்பதுதான் விளையாட்டு நிகழ்ச்சிகளில் எப்போதும் கேட்கும் பாட்டு. ஓட்டப்போட்டியின் தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரியும். மத்திய அரசாங்க விதியில் குவோட்டேஷனுக்கு (பலரிடம் எழுத்தில் விலை கேட்பதற்கு) குறைந்தது 7 நாள், உள்நாட்டு டெண்டருக்கு 21 நாள் தர வேண்டும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுக் கடைசி வாரத்தில் ‘அவசரம்’ என்பதை அவசரக் கொள்முதலாக ஏற்க முடியாது; அது வெள்ளம் போன்ற ஆபத்துக்கு வைத்திருக்கும் வழி.

அதிகாரியிடம் சண்டை வேண்டாம். “எல்.ஓ. வந்த அன்றே அச்சைத் தொடங்குகிறேன், டிசைனை இப்போதே தயாராக வைக்கிறேன்” என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். நிதியமைச்சின் சப்ளையர் பதிவு இல்லையென்றால் அதையும் இப்போதே தொடங்குங்கள், எந்த வகைப் பொருள் விற்கலாம் என்று அதில் காட்டும் துறைக் குறியீடு உங்கள் தொழிலுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். சில குவோட்டேஷன்கள் பூமிபுத்ரா (மலாய்க்காரர், மற்ற பூர்வகுடியினர்) நிறுவனங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அறிவிப்பிலேயே அது தெரியும், வீணாக விலை போட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: பணம் கொடுப்பது யார்? மாநில இலாகாவா, மாநகர் மன்றமா, அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பெனியா, அல்லது இவர்கள் நியமித்த நிகழ்ச்சி நிறுவனமா? கடைசி வகை என்றால் உங்கள் ஒப்பந்தம் தனியாரோடுதான். 14 நாள் விதி உங்களுக்கு உதவாது. பாதிப் பணமாவது முன்பணமாக வாங்காமல் இறங்காதீர்கள்.

சரி, கார் பந்தயம். சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்தது. அதன் உரிமையை விற்பவர் உலகத்தில் ஒருவர்தான், அதனால் மூன்று பேரிடம் விலை கேட்க வழியில்லை. இப்படி விற்பவர் ஒருவரே இருக்கும் இடத்தில் நிதியமைச்சின் அனுமதியோடு நேரடிப் பேச்சுவார்த்தை நடத்த விதியே இடம் தருகிறது. அங்கே கேட்க வேண்டியது, அந்த உரிமையை வாங்கத்தான் வேண்டுமா என்பது. செலவு ஏறியது, டிக்கெட் விற்பனை இறங்கியது, ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே அரசாங்கம் நிறுத்திக்கொண்டது. ஆனால் இந்த விலக்கு போட்டி உரிமைக்கு மட்டும்தான். கூடாரம், பதாகை, பதக்கம், டி-சட்டை விற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெரிய போட்டி என்ற பெயரில் இவற்றையும் அந்த விலக்குக்குள் நுழைப்பதுதான் என் பார்வையில் உண்மையான கோளாறு. எத்தனை வெளியூர்க்காரர் வந்தார், எத்தனை இரவு தங்கினார் என்ற கணக்கு போட்டி முடிந்தபின் பொதுமக்கள் கண்ணில் படுவதும் அரிது.

நெடுங்காலம் இந்த விதிகள் 1957ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டத்தையும் கருவூலச் சுற்றறிக்கைகளையும் நம்பியே ஓடின. அரசாங்கக் கொள்முதலுக்கென்றே தனி மசோதா ஒன்றை 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது. ஆகவே மேலே சொன்ன தொகை, நாள் கணக்குகளை விலை போடும் அன்றைய சுற்றறிக்கையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முறையாகப் போட்டியிட்டும் வேலை கைமாறிப் போய்விட்டால், யாருக்கு, என்ன விலைக்குப் போனது என்று கேட்கலாம். பினாங்கில் 2010ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. வேலையைக் கொடுத்தது மாநில இலாகா என்றால், அந்த இலாகாவிடமே எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.