பழைய சமையலறைக் கேபினெட்டுக்குப் புது பெயிண்ட்: கேள்வி பதில்

பழைய கேபினெட்டுகளைக் கழற்றி எறியாமல் பெயிண்ட் அடித்துப் புதுப்பிப்பதுதான் என் தொழில். அதைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: 15 வருடப் பழைய கேபினெட். பெயிண்ட் அடிக்கலாமா, மாற்றிவிடலாமா?

நிறத்தை விடுங்கள், முதலில் பெட்டியைப் பாருங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் அறையைத் திறந்து, அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் பாதிக் கவலை போயிற்று. ஓரம் உப்பி, அழுத்தினால் தூளாக உதிர்ந்தால் அந்தப் பலகை தண்ணீர் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஊறி உப்பிய பார்ட்டிகிள் போர்டை (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) எவ்வளவு தேய்த்தாலும் பழைய நிலைக்கு வராது. அந்தப் பலகையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கீல் திருகு பிடிக்காமல் சுற்றுவதெல்லாம் சின்ன விஷயம். துளையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து, காய்ந்ததும் திருகினால் இறுகிவிடும்.

ஆனால் கேபினெட் அமைப்பே உங்களுக்குப் பிடிக்கவில்லை, டிராயர் போதவில்லை என்றால் பெயிண்டுக்குச் செலவு செய்யாதீர்கள். நிறம் மாறினாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும்.

கேள்வி: போன வருடம்தான் ஆள் வைத்து அடித்தோம். ஆறே மாதத்தில் கைப்பிடியைச் சுற்றித் தோல் தோலாக உரிகிறது. மட்டமான பெயிண்டா?

பெயிண்டைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று பாருங்கள். உரிந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்புங்கள். பின்பக்கம் வழவழவென்று, மரத்தூளோ பழைய பெயிண்டோ ஒட்டாமல் வந்திருக்கிறதா? அப்படியானால் அது கீழே பிடிக்கவே இல்லை. பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே அடித்திருப்பார்கள்.

சமையலறையில் பிசுக்கு இல்லாத கதவு கிடையாது. அடுப்புக்கு மேலே இருக்கும் கதவின் கீழ் விளிம்பையும், நாள் முழுக்கக் கைபடும் இடங்களையும் ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் கதவிலிருந்தும் துணி பழுப்பாக வரும். பலர் செய்யும் தவறு, துடைக்காமலே உப்புத்தாள் போடுவது. பிசுக்கு அதனால் போகாது. தாள் அதை மரத்தின் நுண்துளைகளுக்குள் தேய்த்து இறக்கிவிடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் பிசுக்கு நீக்கியால் கழுவ வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும், ஏனென்றால் சோப்பு மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் உப்புத்தாள். 180 அல்லது 220 எண் போதும், பளபளப்பு போய் மங்கினால் சரி. தூசியை வேக்குவமால் இழுத்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, அடிக்கலாம்.

நான் ஒரு வேலையை எடுத்தால் பாதி நேரம் இதற்கே போய்விடும். வீட்டுக்காரர்கள் 'இன்னும் பெயிண்ட் டப்பாவையே திறக்கவில்லையே' என்று கவலைப்படுவார்கள். திறக்காமல் இருப்பதுதான் நல்ல அறிகுறி. உங்கள் கதவுகளில் உரிகிற பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேலேயே இன்னொரு கை (பூச்சு) அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும்.

கேள்வி: அண்ணா, எங்களுடையது மைக்கா ஒட்டிய கதவு. பெயிண்ட் நிற்குமா?

நிற்கும். வழுக்கும் பரப்பில் பிடிப்பதற்கென்றே பிரைமர் இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மறைவான ஒரு மூலையில் அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன்மேல் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பிரைமர் வந்தால் மேற்கொண்டு போகாதீர்கள். மறுபடி தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிரைமரை மாற்ற வேண்டும். மைக்காவே எங்காவது தூக்கியிருந்தால் முதலில் அதை ஒட்டுங்கள்.

பிளாஸ்டிக் தாள் போர்த்திய கதவு வேறு கதை. தாள் ஓரத்தில் பிரியத் தொடங்கியிருந்தால், ஹீட் கன்னால் சூடாக்கி முழுத் தாளையும் உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகைக்குப் பிரைமர் அடிப்பதுதான் நல்லது. எம்.டி.எஃப்பின் வெட்டு விளிம்புகள் பிரைமரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அங்கே மட்டும் இரண்டு, மூன்று கை தேவைப்படும்.

கேள்வி: மரக் கதவுக்கு வெள்ளை அடித்தோம். மறுநாளே மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வருகிறது. மூன்று கை அடித்தும் போகவில்லை.

முப்பது கை அடித்தாலும் போகாது. மரத்தில் இருக்கும் டானின் என்ற சாயப்பொருள், தண்ணீர் கலந்த பெயிண்டின் ஈரத்தில் கரைந்து மேலே வருகிறது. மரக் கணுக்களிலிருந்து பிசினும் இப்படித்தான் கசியும். அரக்கு அடிப்படையிலான பிரைமரை ஒரு கை அடித்து அடைத்துவிட்டு, அதன்மேல் வெள்ளை அடியுங்கள்.

அடித்து மாதக்கணக்கில் கழித்து, அதுவும் வெளிச்சம் படாத பக்கம் மட்டும் மஞ்சளித்தால் அது வேறு. எண்ணெய் எனாமல் வெள்ளையின் குணமே அதுதான்.

கேள்வி: சுவருக்கு அடித்த பெயிண்ட் மிச்சம் இருக்கிறது. அதையே அடிக்கலாமா?

வேண்டாம். அது காய்ந்த பிறகும் மென்மையாக இருக்கும். மூடிய கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பிய்ந்து வரும். கேபினெட்டுக்கென்று வரும் தண்ணீர்வகை எனாமலை வாங்குங்கள். வாசனை குறைவு, மஞ்சளிப்பதும் குறைவு, காய்ந்தால் கெட்டிப்படும்.

கேள்வி: ஸ்ப்ரே அடித்தால்தான் தொழிற்சாலையில் செய்ததுபோல் வருமா? பட்டறைக்காரர் 2கே பாலியுரித்தேன் அடிக்கலாம் என்கிறார்.

ஸ்ப்ரேயில் வரும் வழவழப்புக்கு ஈடு இல்லைதான். ஆனால் நுரை ரோலரால் மெல்லிசாக அடித்து, ஒவ்வொரு கைக்கும் நடுவில் 320 எண் தாளால் லேசாகத் தேய்த்தால் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும். எதில் அடித்தாலும் தடிமனான ஒரு கையைவிட மெல்லிய இரண்டு கை மேல்.

2கே பாலியுரித்தேன் என்பது கெட்டிப்படுத்தி ஒன்றைத் தனியாகக் கலந்து அடிக்கும் பெயிண்ட், மிக உறுதியானது. ஆனால் அதன் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அதை மூச்சில் இழுத்தால் நிரந்தரமாக ஆஸ்துமாவே வரலாம். துணி மாஸ்க் இதற்கு ஒன்றும் செய்யாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக்கவசமும் ஸ்ப்ரே அறையும் உள்ள பட்டறைக்குக் கதவுகள் போகட்டும். உங்கள் சமையலறைக்குள் அதை அடிக்க யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வேறு எதில் கவனம் வேண்டும்?

வீடு பழையது, பெயிண்டும் பல அடுக்கு என்றால் ஈயம் இருக்கலாம். தேய்ப்பதற்கு முன்னால் கட்டாயம் சோதித்துவிடுங்கள். ஈயம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது, அதற்குப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். தேய்க்கும் நாட்களில் குழந்தை அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

கேள்வி: உள்பக்கமும் அடிக்க வேண்டுமா?

தேவையில்லை, கண்ணாடிக் கதவாக இருந்தால் தவிர.

கேள்வி: எப்போது பழையபடி புழங்கலாம்?

தொட்டால் ஒட்டாது என்பது காய்ந்ததற்கு அடையாளம், இறுகியதற்கு அல்ல. முழுதாக இறுக மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். அதுவரை மெதுவாக மூடுங்கள், ஈரத்துணியைக் கதவில் தொங்கவிடாதீர்கள், தேய்ப்பு நாரைப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். நகத்தால் மறைவான இடத்தில் அழுத்தினால் தடம் விழுகிறதா? இன்னும் பொறுக்க வேண்டும்.

கேள்வி: கழற்றிய கதவுகளைக் குழப்பாமல் மாட்டுவது எப்படி? ஒட்டிய சீட்டெல்லாம் பெயிண்டில் மறைந்துவிடுகிறது.

கதவின் பின்புறம் கீல் உட்காரும் வட்டக் குழி இருக்கும், பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் அகலம். எண்ணை அதற்குள் பென்சிலால் எழுதி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே பெயிண்ட் படாது, உப்புத்தாளும் போகாது. அதே எண்ணைச் சட்டத்தில் கீல் தகடு இருந்த இடத்திலும் எழுதுங்கள். அந்தந்தக் கதவின் திருகுகளையும் அதே எண் போட்ட பையில் போட்டு வையுங்கள். கடைசி நாளில் டேப்பைக் கிழித்துப் பார்த்து நேராக மாட்டிவிடலாம்.