ஏழு மணிக்கு வீடு வந்து, எட்டு மணிக்குள் சோறு போட முடியுமா?

கேள்வி: சிங்கப்பூரில், பொங்கோலில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர மணி ஏழாகிவிடுகிறது. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஆறு. எங்களோடு இருக்கும் அத்தைக்கு இனிப்புநீர் (நீரிழிவு). வாரத்தில் மூன்று நான்கு நாள் காப்பிக்கடையில் தாப்பாவ், அதாவது பொட்டலச் சாப்பாடு, வாங்கித்தான் ஓட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் குழம்பு வைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமா? இல்லை, தினமும் சமைக்க எளிய வழி ஏதாவது இருக்கிறதா?

பதில்: வாரம் முழுவதற்கும் வேண்டாம். சமைத்த குழம்பை ஃபிரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு நாள்தான் நம்பி வைத்திருக்கலாம். ஞாயிறு வைத்தது புதன் இரவோடு முடிந்துவிட வேண்டும். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை முழுக் குழம்பாக வைக்காதீர்கள். குழம்பின் பாதி வேலையை மட்டும் முடித்து வையுங்கள். முழுக் குழம்பாக வைத்தால் மூன்றாம் நாள் அதே வாசனைக்குப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நீங்களும் பழையபடி காப்பிக்கடைக்கே போவீர்கள்.

ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்கும்போது நேரத்தைத் தின்பது வெங்காயம் உரிப்பது, தக்காளி வதங்கக் காத்திருப்பது, பருப்பு வேகக் காத்திருப்பது, இவற்றோடு ‘இன்றைக்கு என்ன வைப்பது’ என்ற யோசனை. இந்த நான்கையும் ஏழு மணியிலிருந்து விலக்கிவிட்டால் மிச்சம் இருப்பது இருபத்தைந்து நிமிட வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, நூறு கிராம் இஞ்சி பூண்டு விழுது எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமான தீயில், எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை வதக்குங்கள். முக்கால் மணி நேரம் பிடிக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் சேர்க்க வேண்டாம். அப்போதுதான் அதே வதக்கல் ஒரு நாள் முட்டைக் குழம்பாகவும், இன்னொரு நாள் கொண்டைக்கடலைக் கறியாகவும், மற்றொரு நாள் மகனுக்குக் காரமில்லாத தக்காளிச் சாதமாகவும் மாறும். ஆறியதும் ஐந்து பங்காகப் பிரித்து, தட்டையான பைகளில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். தட்டையாக உறைந்தது சட்டியில் போட்டதுமே இளகிவிடும். உருண்டையாக உறைந்தால் அதை உடைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

பக்கத்து அடுப்பில் 450 கிராம் துவரம்பருப்பைக் குக்கரில் வேகவிடுங்கள். பருப்புக்குக் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது என்பதால் ஐந்து லிட்டர் குக்கர் போதும். வெந்ததை மூன்று பங்காக்கினால் மூன்று இரவுகளுக்குச் சாம்பாருக்கோ கூட்டுக்கோ ஆயிற்று. கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டால் அதையும் வேகவைத்து உறைய வைக்கலாம். ராஜ்மா வாங்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை: அதை ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடாதீர்கள். ராஜ்மாவில் இயல்பாகவே இருக்கும் ஒரு நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். உருளைக்கிழங்கு போட்ட குழம்பும் தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பும் உறைபெட்டிக்கு ஆகாது. கிழங்கு நொறுநொறுவென்று ஆகிவிடும், பால் திரிந்ததுபோல் பிரியும். அவற்றை அன்றன்றைக்குத்தான் சேர்க்க வேண்டும்.

இனி வாரத்தைப் பார்ப்போம். ஈரச்சந்தையில் பல மீன்கடைகள் திங்கட்கிழமை திறப்பதில்லை. அதனால் திங்கள் முட்டை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு வதக்கலில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், தண்ணீர் விட்டுக் கொதி வந்ததும் முட்டைகளை நேராக உடைத்து ஊற்றி மூடிவிட்டால் எட்டு நிமிடத்தில் வெந்துவிடும். தனியாக அவித்து உரிக்கும் வேலை இல்லை. மஞ்சள் கரு கெட்டியாகும் வரை விடுங்கள், வீட்டில் பெரியவரும் சிறு பிள்ளையும் இருக்கிறார்கள்.

கீரை வகைகளை வார முதலிலேயே தீர்த்துவிடுங்கள். கங்கோங்கும் பாயமும் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. முட்டைக்கோஸ், கேரட், பூசணி வாரக் கடைசி வரை காத்திருக்கும். பலர் வீட்டில் கீரை அழுகிக் குப்பைக்குப் போவதற்குக் காரணம் இந்த வரிசை மாறிப்போவதுதான். கங்கோங்கை நான்கு பல் பூண்டு, ஒரு கைப்பிடி இக்கான் பிலிஸ் (காய்ந்த நெத்திலி) போட்டுப் பெருந்தீயில் மூன்று நிமிடம் புரட்டினால் போதும். நெத்திலியிலேயே உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போட வேண்டாம்.

மீன் குழம்பு கோழிக் குழம்பைவிட வேகமானது. இது தெரிந்தும் வேலை நாளில் மீனைத் தொடப் பலர் தயங்குகிறார்கள், சுத்தம் செய்யும் வேலைக்குப் பயந்து. சனிக்கிழமை சந்தையில் கானாங்கெளுத்தி, அதாவது இக்கான் கெம்போங், வாங்கும்போது கடைக்காரரிடமே செதில் நீக்கி, குடல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஓர் இரவுக்கு ஒரு பை என்று உறைய வைத்து, சமைப்பதற்கு முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். புளிக்கரைசலும் ஒரு பங்கு வதக்கலும் கொதித்தபின் மீனைப் போட்டால் பத்து நிமிடம் போதும். விலையும் கட்டுப்படியாகும். இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒமேகா 3 கொழுப்பு இந்தச் சின்ன மீனிலேயே நிறைய இருக்கிறது. அதற்காக சால்மன் வாங்கியாக வேண்டும் என்பதில்லை.

மீனும் இறைச்சியும் இல்லாத நாளுக்கு, சோயாவில் செய்யும் தவ்குவாவையும் டெம்பேயையும் நம் சமையலுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துவேன். தவ்குவாவைச் சதுரமாக நறுக்கி மிளகு, சோம்பு, கறிவேப்பிலையோடு வறுத்தால் ரசச் சோற்றுக்கு அருமையான துணை. டெம்பே நூறு கிராமில் ஏறக்குறைய இருபது கிராம் புரதம் இருக்கிறது. மிகவும் களைத்துப்போன இரவில் மைசூர்ப்பருப்பை எடுங்கள். ஊறவும் வேண்டாம், குக்கரும் வேண்டாம், பதினைந்து இருபது நிமிடத்தில் மசியும்.

இப்போது, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. ராத்திரி மிஞ்சிய குழம்பை அடுப்பிலேயே மூடி வைத்து, காலையில் சுடவைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்த ஊர் வெக்கைக்கு அது ஆகாது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும், நம் சமையலறை இரவெல்லாம் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சோற்றிலும் பருப்பிலும் கறிக்குழம்பிலும் சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. மெதுவாக ஆறும்போது அவை விழித்துக்கொள்ளும். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி வெளிவிடும் நச்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. அதனால் சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். பெரிய சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரமாகும். ஆழமில்லாத சின்ன டப்பாக்களில் பிரித்து வையுங்கள். மறுபடி சுடவைக்கும்போது ஆவி பறக்கக் கொதிக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை.

அத்தைக்குத் தனிச் சமையல் வேண்டாம். அது உங்களுக்குச் சுமை, அவருக்கும் மனவருத்தம். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய உணவுத்தட்டு முறை நம் சாப்பாட்டுக்கு நன்றாகவே பொருந்தும்: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தவிடு நீக்காத தானியம், கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ. நம் வழக்கத்தில் பாதித் தட்டைச் சோறு பிடித்துக்கொள்கிறது, காய் ஓரத்தில் இரண்டு கரண்டி. அவருக்கு முதலில் காயும் மீனும் வைத்து, சோற்றைக் கடைசியில் போடுங்கள். அந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பிட்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். உருளைக்கிழங்குப் பொரியலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றுக் கணக்கு. வெள்ளை அரிசியில் கால் பங்கு சிவப்பரிசி கலந்து தொடங்கினால் பிள்ளைகளும் முணுமுணுக்க மாட்டார்கள்.

இதைவிட முக்கியம் நேரம். அத்தை இன்சுலின் போடுகிறாரா, எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று பாருங்கள். இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். உங்கள் இரவுச் சாப்பாடு எட்டரைக்குப் போகிறது என்றால், அவர் மட்டும் ஏழு மணிக்கு முன்பே சாப்பிடுவது நல்லதா, இடையில் ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று பலதுறை மருந்தகத்தில் அடுத்த முறை போகும்போது கேளுங்கள். சோற்றைச் சட்டென்று பாதியாகக் குறைப்பதற்கு முன்பும் இதே கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

அத்தைக்கு முடியுமென்றால் ஆறரை மணிக்கு அரிசி களைந்து ரைஸ் குக்கரைத் தட்டிவிடச் சொல்லுங்கள். காலையிலேயே அரிசியை ஊறப்போட்டு டைமர் வைப்பதைவிட அதுவே பாதுகாப்பு. மகள் கேரட் சீவலாம், தட்டு எடுத்து வைக்கலாம். மகனுக்கு மிளகாய்த்தூள் சேர்க்கும் முன் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தால் தனிச் சமையல் இல்லை.

தாப்பாவை அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன், பாதியாக வாங்குங்கள். சோற்றோடு வேண்டிய பதார்த்தங்களைத் தேர்ந்து வாங்கும் எக்கானமி ரைஸ் கடையில் ஆவியில் வேகவைத்த மீனோ கோழியோ மட்டும் வாங்கி, சோறும் காயும் வீட்டில் செய்துகொள்ளுங்கள். மேலே குழம்பு ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உப்பு அதில் நிறைய வருகிறது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புதான் அளவு. வாரக் கடைசியில் வீட்டில் முட்டைக்கோஸ் கிடக்கும், வெள்ளிக்கிழமைக்கு அதைப் பொரியலாக்கி, ஒரு ரசம் வைத்து, மீனை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.